சித்தி கைவிரித்த போர்டு

என் சித்தி கேம் மெஷின்களின் போர்டுகளைப் பழுது பார்ப்பவள். நாணயம் போட்டு நின்றுகொண்டே ஆடுகிற ஆள் உயரப் பெட்டிகள் இருக்கின்றனவே, அவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் பச்சைப் பலகைகள்தான் அவளுடைய நோயாளிகள். எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு பாதி எங்களுக்கு, மறுபாதி சால்டரிங் அயர்னுக்கு. "உப்புன்னு நினைச்சு என்னத்தையாவது குழம்புல போட்டுடப் போறேன்டி" என்று அம்மா திட்டுவாள். சித்தி காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

டிவி கம்பெனியில் வேலை பார்த்தவள். கம்பெனியை மூடியதும் கேம் ஹால்காரர்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். பேச்சு குறைவு. ஆனால் போர்டைப் பற்றிக் கேட்டால் தீர்ப்பு மாதிரி வரும். என்ன பழுது என்பதோடு நிறுத்த மாட்டாள், யார் செய்த வேலை என்பதையும் சேர்த்தே சொல்வாள். "யாரோ ஜூஸைக் கொட்டியிருக்காங்க." "அரைகுறை எவனோ கை வச்சிருக்கான்." பெரும்பாலும் சரியாகவே இருக்கும். டாக்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் அண்ணனும் தம்பியுமாக ஒரு ஹால் நடத்தினார்கள். அங்கே இருந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வரும். அந்த போர்டை அதிகம் தயாரிக்கவே இல்லை, இன்னொன்று இருப்பதாக எங்களுக்குத் தெரிந்த யாரும் சொன்னதில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அகலமான பலகைகள். நடுவில் சதுரமாக ஒரு பெரிய சிப், அந்த விளையாட்டுக்காக மட்டுமே செய்தது. ஒரு நாள் தம்பி பெட்டியை வேறு மூலைக்கு நகர்த்தினார். அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவில்லை.

சித்தி பிரித்துப் பார்த்தாள். குலுக்கலில் ஒரு சிப் சாக்கெட்டிலிருந்து லேசாக மேலே வந்திருந்தது. அதை அழுத்திவிட்டு, மேசையில் இருந்த தன் பவர் சப்ளையில் மாட்டினாள். திரையில் வண்ணக் கோடுகள் வந்தன, அணைந்தன, மறுபடியும் கோடுகள். சப்ளையில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஐந்து வோல்ட், ஆடாமல் அசையாமல் நின்றது. மற்ற போர்டுகள் எல்லாம் அதே ஒயரில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. பல நாள் மல்லுக்கட்டிவிட்டுக் கைவிரித்தாள்.

"போயிடுச்சுண்ணே" என்றாள், வந்து நின்ற ஹால்காரரிடம். "சுவிட்சை அணைக்காம பிளக்கைப் பிடுங்கியிருக்காங்க. உள்ள அடி விழுந்திருக்கு."

ஹால்காரர் பின்னால் திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"நான் அணைச்சுட்டுத்தாண்ணே..."

"வாயைத் திறக்காதே."

போர்டை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார். உதவுகிற பாகத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மெமரி சிப்புகள் வேறு ஹால்களுக்குப் போயின. பழைய போர்டு சேர்க்கும் ஒருவர் கேட்டாரென்று அந்தச் சதுரச் சிப்பையும் சூடு காட்டித் தூக்கினாள். அடியிலிருந்த செம்புக் கோடுகள் அதோடு உரிந்து வந்துவிட்டன. அதற்குள் தம்பி ஹாலை விட்டுப் போயிருந்தார். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்விப்பட்டோம்.

பிறகொரு நாள் இன்னொரு ஹாலிலிருந்து பெரிய போர்டு ஒன்று வந்தது. நன்றாக ஓடுவதுதான், சத்தம் மட்டும் வரவில்லையாம். சித்தி மாட்டியதும் அதே கோடுகள், அதே அணைதல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மீட்டரின் முனைகளைச் சப்ளையில் வைக்காமல் போர்டின் ஓரத்திலேயே வைத்தாள். நாலரை வோல்ட்தான்.

சப்ளைக்கும் போர்டுக்கும் இடையிலிருந்த கனெக்டருக்குள் ஒரு தகடு கருகியிருந்தது. சின்ன போர்டுகள் கொஞ்சமாகத்தான் மின்சாரம் இழுக்கும், அவற்றுக்கு அந்தத் தகடு வழியே வருவது போதும். பெரியவற்றுக்குப் போதாது.

"அந்த பஸ் நிலையத்து போர்டைப் பட்டினி போட்டுட்டு, செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன்க்கா" என்றாள் அம்மாவிடம். "அந்தச் சிப்பை அழுத்தினப்பவே அது சரியாயிருக்கும்."

"உறுதியாத் தெரியுமா?"

"இனிமே யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா எனக்குத் தெரியும்."

"அப்ப விடுடி. செத்ததை எழுப்பி யாரு சாட்சி கேட்கப்போறா?"

"தம்பிக்காரன் உயிரோடதானே இருக்கான்."

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் போர்டைப் பையில் போட்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். ஹால்காரர் கேட்டுக்கொண்டே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார், ஆனால் உட்காரவில்லை.

"நல்லாத்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே. நான்தான் தப்பான இடத்துல அளந்தேன்."

"நீ தொட்டது எதுவும் துலங்காதுன்னு சொன்னேன். அவன் பிள்ளைங்க முன்னாடி." கழுத்தைத் தடவிக்கொண்டார். "நீங்களே வந்து சொல்லுங்க. என் வாயால சொன்னா எடுபடாது."

நாங்கள் மூவரும் போனபோது தம்பி ஒரு பார்சல் கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். சித்தி ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லக்கா. நான் அணைக்காமத்தான் பிடுங்கினேன். பொறி பறந்துச்சு, நல்லா ஞாபகம் இருக்கு."

"அன்னைக்கு அணைச்சேன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அப்புறம் தினமும் படுக்கும்போது யோசிச்சுப் பார்த்தேன். டாக்டரம்மா சொன்னா சரியாத்தானே இருக்கும். யோசிக்க யோசிக்கப் பொறி தெரிஞ்சுது."

சித்தி கனெக்டர் கதையை முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இப்ப மாட்டினா ஓடுமா?"

"ஓடாது தம்பி. பிரிச்சுட்டேன்."

"அப்ப கடைசியில போட்டுத் தள்ளினது நீங்கதான்" என்று சிரித்தார்.

"ஹாலுக்கு வாடா" என்றார் அண்ணன்.

"வண்டி கிளம்பணும்ணே. லோடு பாக்கி இருக்கு."

"அந்தப் பொறி பறக்கவே இல்லை, தம்பி" என்றாள் சித்தி.

"எனக்குப் பறந்துச்சேக்கா."

அவர் குனிந்து அடுத்த பெட்டியைப் பிடித்தார். அது கனமாக இருந்தது. ஹால்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். அதை ஏற்றிவிட்டு அடுத்ததற்கு வந்தார்கள். எங்களைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. சித்தி பையைக் கட்டிப் பிடித்தபடி வழிவிட்டு நின்றாள்.