பதினோரு நொடி

தீயணைப்பு நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வண்டி ஓட்டும் அவருக்குப் பக்கத்து நிலையங்களில் ‘நத்தை’ என்று பெயர். மணி அடித்து, ஆட்கள் ஏறி, கதவு சாத்திய பிறகும் அவர் வண்டி நகராது. ஐந்து பேரும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, அவரவர் இருக்கையின் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். ஐந்து எண்ணும் காதில் விழுந்தால்தான் ஹேண்ட்பிரேக்கைத் தொடுவார்.

“அண்ணே, நெருப்பு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது!” என்று புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர் முதல் நாளே கத்தினார்.

“நான் காத்துக்கிட்டு இருக்கேன்ல? நம்பரைச் சொல்லு.”

“மூணு!”

“வாயை மட்டும் மாட்டியிருக்க. பெல்ட்டையும் மாட்டு.”

வண்டிக்குள் சிரிப்பு. பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது. அதன் பிறகே சைரன்.

வீரம் என்ற சொல்லை நாம் சற்று மலிவாகவே செலவழிக்கிறோம். எரியும் கட்டடத்துக்குள் ஓடுபவனுக்கு அது உடனே கிடைத்துவிடுகிறது. ஓடுவதற்கு முன் நின்று பார்ப்பவனுக்குக் கிடைப்பதில்லை. அவருக்கும் யாரும் கொடுக்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. நின்று பார்க்க அவர் கற்றுக்கொண்ட விதம் அப்படி.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அதே வண்டியில் அவருடைய தங்கையின் கணவரும் வேலை பார்த்தார். ஒரு மதிய நேரம், மரக்கடையில் புகை என்று அழைப்பு. தங்கையின் கணவர் எழுந்து நின்று கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். பின்கதவு சரியாகச் சாத்தவில்லை. திருப்பத்தில் வண்டி சாய, அவர் சாலையில் விழுந்தார். மருத்துவமனைக்குப் போகுமுன்பே உயிர் போய்விட்டது. மரக்கடையில் எரிந்தது கொல்லைப்புறத்துக் குப்பை. கடைக்காரரே இரண்டு வாளித் தண்ணீரில் அணைத்திருந்தார்.

அன்று வண்டியை ஓட்டியவர் இவர். “நான்தான் ஓட்டினேன். கதவைத் திரும்பிப் பார்க்கல,” என்று வேறு யார் வாயிலிருந்தும் தெரிவதற்கு முன் தங்கையிடம் தானே போய்ச் சொன்னார். ஓராண்டு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினாள்; ஆனால் அந்த நிலையத்தின் வாசலை மட்டும் மிதிக்கவில்லை.

இந்த ஆண்டு, பணியில் இறந்தவர்களுக்குத் தலைமை அலுவலகம் நினைவுக்கல் வைக்க முடிவு செய்தது. ஒவ்வொருவருக்கும் தனிக்கல், அதில் என்ன எழுதுவது என்பதைக் குடும்பமே சொல்லலாம். ‘தீயோடு போராடி வீரமரணம் எய்தினார்’ என்று அலுவலகமே ஒரு வரியும் அனுப்பியிருந்தது. சம்மதம் என்றால் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத் தங்கை வந்தாள், பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாக.

ஓய்வறை மேசையில் அவர் இன்னொரு தாளை அவள் முன் வைத்தார். அவர் கைப்பட எழுதியது: ‘தீ அழைப்புக்கு விரையும்போது வண்டியிலிருந்து விழுந்து இறந்தார். பெல்ட் போட்டிருக்கவில்லை. ஓட்டியவர் கதவைப் பார்க்கவில்லை.’

அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “என்ன அண்ணா இது? வண்டியிலேர்ந்து விழுந்து செத்தாருன்னு ஊரே படிக்கணுமா?”

“நடந்தது அதுதானேம்மா.”

“நடந்தது எனக்குத் தெரியும். எல்லார் வீட்டுக் கல்லுலயும் போராடினாருன்னு இருக்கும், எங்க வீட்டுதுல மட்டும் கவனமில்லாம இருந்தாருன்னு இருக்கணும். அப்படித்தானே?”

“அழகா எழுதி வெச்சா படிக்கிறவன் கும்பிட்டுட்டுப் போயிடுவான். அடுத்தவன் விழறதை அது தடுக்காது. மாப்பிள்ளை...”

மணி அடித்தது.

அவர் சொல்லை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினார். அவள் வாசலுக்கு வந்து நின்றாள். ஐந்து பேர் ஏறினார்கள், கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன. வண்டி நகரவில்லை. அவள் தன்னை அறியாமல் நொடிகளை எண்ணத் தொடங்கினாள். உள்ளிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. நான்குக்குப் பிறகு ஓர் இடைவெளி. பெல்ட் எங்கோ முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு, “அஞ்சு!” வண்டி புறப்பட்டது. அவள் பதினொன்று வரை எண்ணியிருந்தாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரி அப்பிய முகத்தோடு அவர் திரும்பியபோதும் அவள் ஓய்வறை மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அவ்வளவுதானா அண்ணா?” என்றாள். “பதினோரு நொடி. அவ்வளவுதானா?”

அவர் தலையை ஆட்டினார். அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்று அந்தப் பதினோரு நொடி நின்றிருந்தால் போதும் என்ற கணக்கை அவர் பத்தொன்பது ஆண்டுகளாகச் சுமந்திருக்கிறார். அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அழுது முடித்ததும் பேனாவைக் கேட்டாள். அவர் எழுதிய தாளில் கடைசி வரியை அடித்தாள்.

“அது உண்மைம்மா,” என்றார் அவர்.

“உண்மைதான். என்கிட்ட சொல்லிட்ட, போதும். கல்லு அவருக்கு. உன்னை நீயே அடிச்சுக்கறதுக்கு இல்ல.” அடித்த இடத்துக்குக் கீழே தானே எழுதினாள்: ‘அதன் பின் இந்த நிலையத்து வண்டியிலிருந்து ஒருவரும் விழவில்லை.’

அவர் பதறினார். “இதைக் கல்லுல வெட்டக் கூடாதும்மா. நாளைக்கே யாராவது விழுந்துட்டா?”

“விழக் கூடாதுன்னுதான் வெட்டச் சொல்றேன்.”

கையெழுத்துப் போட்டாள்.

தலைமை அலுவலகம் தயங்கியது. இப்படியொரு வாசகம் துறைக்குப் பெருமை சேர்க்குமா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. நிலைய அலுவலர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: ‘எங்களுக்கு இதைவிடப் பெரிய பெருமை இல்லை.’ பிறகு கேள்வி வரவில்லை.

திறப்பு நாளில் வரிசையாகக் கற்கள். மற்றவற்றின் முன் வந்தவர்கள் தலை குனிந்து நகர்ந்தார்கள். இந்தக் கல்லின் முன் மட்டும் சீருடைக்காரர்கள் நின்று இரண்டு முறை படித்தார்கள். வேறொரு நிலையத்தின் ஓட்டுநர் ஒருவர், நரைத்த மீசைக்காரர், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தார். பிறகு பக்கத்தில் நின்ற பெண்ணிடம், “யாரும்மா இப்படி எழுதினது?” என்று கேட்டார்.

சற்றுத் தள்ளி, கூட்டத்துக்குப் பின்னால் ஒளிவதுபோல் அண்ணன் நின்றிருந்தார். அவள் அவரைக் கையைக் காட்டி அழைத்தாள்.

“எங்க வீட்டுல எழுதினது,” என்றாள்.