மின்மினிக்குப் பத்துக்குப் பத்து

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மின்மினிப் பூச்சி என் மானத்தை வாங்கிவிட்டது. நிஜ மின்மினி இல்லை. கம்ப்யூட்டரில் செய்த மின்மினி. பெரிய கண், சின்ன வாய், தமிழ் டப்பிங்கில் தத்துவம் பேசும் ரகம்.

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை ஃபேமிலி டே வரும். ஓசூரில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று குடும்பத்தோடு ஃபேக்டரிக்குள் வரலாம். கேன்டீனில் பிரியாணி, பெண்களுக்கு மியூசிக்கல் சேர், பிள்ளைகளுக்கு ஒரு அனிமேஷன் படம். கடைசியாக, அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று காட்ட பிளான்ட் விசிட். அதற்காக ஒரே ஒரு லைனை மட்டும் மெதுவாக ஓட்டுவார்கள்.

இந்த வருடம் ஓட வேண்டியது என் லைன். படத்தைத் தேர்வு செய்யும் வேலையும் என் தலையில்.

"நான் அசெம்பிளி சூப்பர்வைசருங்க. எனக்கும் கார்ட்டூனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேன்டீன் கமிட்டி மஞ்சுநாத்திடம் கேட்டேன். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் கர்நாடக பார்டர் தாண்டி வருகிறவர்.

"உங்க வீட்ல சின்னப் பொண்ணு இருக்குதல்ல சார்? என் வீட்ல காலேஜ் போற எருமைங்க ரெண்டு. நீங்களே பாத்து சொல்லிடுங்க. சொல்ப அட்ஜஸ்ட் மாடி."

'கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்' என்னும் இந்தக் கடைசி மூன்று வார்த்தைகளை எதிர்த்து ஓசூரில் இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

எங்கள் கம்பெனியில் எதையும் 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று சொல்லித் தேர்வு செய்துவிட முடியாது. கேன்டீனுக்கு சாம்பார் பொடி மாற்றுவதாக இருந்தாலும் மார்க் ஷீட் வேண்டும். நானும் ஒரு ஷீட் போட்டேன். கதை, நீதி, நீளம், சுத்தம். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். படத்துக்கு எதற்குச் சுத்தம் என்று கேட்காதீர்கள். எங்கள் ஷீட் எல்லாவற்றிலும் சுத்தம் இருக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

ஆலோசகர், என் மகள் இனியா. ஒன்பது வயது. நான்கு படங்களை சிபாரிசு செய்தாள். ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். பார்த்த பிறகு எனக்கு வந்த சந்தேகம் இதுதான்... இந்தப் படங்களுக்குக் கதை எழுதுகிறவர்கள் வாழ்க்கையில் ஒருநாளாவது வேலைக்குப் போயிருப்பார்களா?

கடைசி இடம், ஐஸ் மேல் நடனமாட ஆசைப்படும் நீர்யானைக்கு. காடே சிரிக்கிறது. அது ஆடுகிறது. ஐஸ் உடையவில்லை. நீதி: ஆசைப்பட்டால் எதுவும் முடியும். அப்படியா? பர்மனென்ட் ஆக வேண்டும் என்று ஒன்பது வருடமாக ஆசைப்படும் கான்ட்ராக்ட் ஆட்கள் எங்கள் கேட்டில் தினமும் வரிசையில் நிற்கிறார்கள். அந்த நீர்யானையை ஒருநாள் அழைத்து வாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு அது பதில் சொல்லட்டும். மார்க், இரண்டு. அந்த இரண்டும் நீளத்துக்கு. படம் சின்னது.

அதற்கு மேல், ஒற்றை ஷூ. ஜோடியைத் தொலைத்துவிட்டு கடல் தாண்டி, பாலைவனம் தாண்டித் தேடிப் போகிறது. நீதி: எவ்வளவு தூரம் பிரிந்தாலும் குடும்பம் சேர்ந்துவிடும். மலைக்கோயில் வாசலில் ஐந்து வருடத்துக்கு முன்னால் தொலைந்த என் செருப்புக்கு இந்தப் படத்தை யாராவது போட்டுக் காட்டினால் தேவலை. அப்புறம்... குடும்பம் சேர்வதற்குக் கடல் தாண்ட வேண்டுமா என்ன? செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் நான் எழுவதற்குள் மகள் ஸ்கூலுக்குப் போய்விடுவாள். நான் வருவதற்குள் தூங்கிவிடுவாள். எல்லாம் ஒரே வீட்டுக்குள். இதை எவனாவது படமாக எடுப்பானா?

இரண்டாம் இடம், முள் இல்லாத முள்ளம்பன்றி. நீதி: நீ நீயாகவே இரு. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு இது ஆபத்தான அறிவுரை. பிளான்ட் ஹெட் எதிரே வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது பாத்ரூமுக்குள் ஓடுவது. நான் நானாகவே இருந்திருந்தால் பதினொரு வருட சர்வீஸும் அங்கேதான் கழிந்திருக்கும்.

முதல் இடம்... மின்மினி.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தை நான் முழுதாகப் பார்க்கவில்லை. அது ஃபேமிலி டேவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம். மட்டன் குழம்பு. அரை மணி நேரம்தான் விழித்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் ஒரு ஃபேக்டரியைக் காட்டினார்கள் பாருங்கள்... அசந்துபோனேன். தரையில் மஞ்சள் கோடு அளவெடுத்த மாதிரி. எல்லோர் தலையிலும் ஹெல்மெட். டூல் எல்லாம் அதனதன் இடத்தில். ஒரு சொட்டு எண்ணெய் கீழே இல்லை. எங்கள் ஃபேக்டரியைச் சோதிக்க வரும் ஆடிட்டர் பார்த்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவார். சுத்தத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். அந்த ஜோரில் மற்ற கட்டங்களிலும் பத்து போட்டுவிட்டுத் தூங்கினேன்.

ஓசூர்க்காரன் ஒருவனால்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும்.

ஃபேமிலி டே அன்று கேன்டீனில் திரை கட்டி, முன்வரிசையில் பிளான்ட் ஹெட் தன் மனைவியோடு உட்கார்ந்திருக்க, முந்நூறு பேருக்கு நடுவில் மிச்சப் படத்தை முதன்முறையாகப் பார்த்தேன். அந்த அழகான ஃபேக்டரி என்ன செய்கிறது தெரியுமா? மின்மினிகளைப் பிடித்து பல்புக்குள் அடைக்கிறது. வில்லன் முதலாளிகூட இல்லை. லைன் சூப்பர்வைசர். மீசை. மஞ்சள் ஹெல்மெட். கையில் அட்டை. பூச்சிகள் களைத்து விழுந்தாலும் "லைன் நிற்கக் கூடாது" என்று கத்துகிறான்.

எனக்கு மீசை உண்டு. மஞ்சள் ஹெல்மெட் மடியில் இருந்தது. அதை மெதுவாக நாற்காலிக்குக் கீழே தள்ளினேன்.

கிளைமாக்ஸில் குட்டி மின்மினி, 'உன் மனசு சொல்வதைக் கேள்' என்ற செத்துப்போன பாட்டி மின்மினியின் குரலைக் கேட்டு, சிவப்பு நெம்புகோலை இழுக்கிறது. ஃபேக்டரி நிற்கிறது. "யார் லைனை நிறுத்தியது?" என்று அலறிக்கொண்டே ஓடி வந்த சூப்பர்வைசர் மைத் தொட்டிக்குள் விழுகிறான். ஃபேக்டரி வெடிக்கிறது. எங்கள் ஆட்களின் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஃபேக்டரி சம்பளத்தில் வளர்ந்த கைகள்.

மஞ்சுநாத் என் காதருகே குனிந்தார். "சார், இது யூனியன் படமா?"

அப்புறம் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பத்து நிமிடம் ஓடின. ஆயிரம் பேராவது இருக்கும். ஏதோ ஊரில் ஏ.சி. ஹாலில் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் இறக்கைக்கும் ஒருவர் மீசைக்கும் என்று ஷிஃப்ட் போட்டு வேலை பார்த்தவர்கள். அங்கேயும் ஒரு சூப்பர்வைசர் இருந்திருப்பான். டெலிவரி தேதிக்கு லைன் நிற்கக் கூடாது என்று கத்தியிருப்பான். ஃபேக்டரியை வெடிக்க வைக்கும் படத்தையும் ஃபேக்டரியில்தான் செய்கிறார்கள். இதில் நமக்கு நீதி வேறு.

பிளான்ட் ஹெட் திரும்பி என்னைப் பார்த்தார். ஆனால் அதைவிடப் பெரிய அடி பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"ப்பா, நீயும் இந்த மீசைக்காரரு மாதிரிதானா?" இனியா.

"சேச்சே. அது சினிமாம்மா."

"நீயும் சூப்பர்வைசர்தான?"

"ஆமா, ஆனா..."

"நீயும் லைன் நிக்கக் கூடாதுன்னு கத்துவியா?"

என் மனைவி செல்வி பிரியாணித் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "தூக்கத்துலயே கத்துவாரு."

"வா, என் லைனை நேர்ல காட்டறேன். பாத்துட்டு நீயே சொல்லு" என்றேன். பிளான்ட் விசிட் இப்படி எனக்கு வழக்கு விசாரணை ஆயிற்று. நீதிபதிக்கு இரட்டை ஜடை.

என் லைனைப் பற்றி இரண்டு வார்த்தை. பெல்ட்டில் கேசிங் என்கிற இரும்புக் கூடு வரும். மேலிருந்து ஒரு கிளாம்ப் இறங்கி அதை அழுத்திப் பிடிக்கும். சில சமயம் கேசிங் சாய்ந்து வரும். சிவப்புப் பொத்தானை அமுக்கி லைனை நிறுத்திவிட்டுத்தான் கை விட்டு நேராக்க வேண்டும். அதுதான் ரூல். பக்கத்திலேயே தகர போர்டு: 'சந்தேகமா? நிறுத்து.' ஸ்டென்சில் வைத்து நானே பெயின்ட் அடித்து நானே மாட்டியது. பதினொரு வருடத்தில் யாரும் அந்தப் பொத்தானை அமுக்கியதாக நினைவில்லை. காரணம் எளிது. எதற்காக லைன் நின்றாலும் ஹூட்டர் அலறும், சிவப்பு விளக்கு சுற்றும், நான் ஒரு முகத்தோடு ஓடி வருவேன். அந்த முகத்தைப் பார்ப்பதைவிட ஓடுகிற பெல்ட்டில் கையை விட்டு நேராக்கிவிடலாம் என்று ஆட்கள் முடிவு செய்து வருடக்கணக்காகிறது. எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் குடும்பங்கள் நின்றன. அந்தப் பக்கம் ஆபரேட்டர் தங்கவேல். பர்கூர் பக்கத்துக்காரர். மனைவி வந்திருந்தார். முக்கியமாக, மாமியார் வந்திருந்தார். தங்கவேலின் மார்பு அன்று இரண்டு அங்குலம் கூடுதல்.

நான் பிளான்ட் ஹெட்டின் மனைவிக்கு பெல்ட்டின் வேகத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஹூட்டர் அலறியது. லைன் நின்றது. சிவப்பு விளக்கு சுற்றியது.

நான் ஓடினேன். யோசிக்கவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"யாருய்யா லைனை நிறுத்தினது?"

முப்பது பிள்ளைகள் முதலில் என் தலையில் திரும்ப ஏறியிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்தார்கள். பிறகு மீசையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு பொடிசு தெளிவாகச் சொன்னது: "ம்மா, அந்த மைத் தொட்டி அங்கிள்."

"என்ன ஆச்சு?" பிளான்ட் ஹெட் வந்துவிட்டார்.

"பவர் ட்ரிப் சார், கரன்ட் போயிடுச்சு" என்றேன்.

எங்கள் தலைக்கு மேல் வரிசையாக டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து ஃபேன் காற்றில் அவருடைய முடி பறந்துகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து டியூப் லைட்டைப் பார்த்தார். மரியாதைக்கு நானும் பார்த்தேன்.

அப்போது கிளாஸ் ரூமில் தூக்குவதுபோல ஒரு கை உயர்ந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டி, பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள் இனியா.

"நான்தான் அங்கிள் அமுக்கினேன்."

"ஏம்மா?"

"அந்த மாமா உள்ள கைய விட்டாரு. மேல இருந்து அது எறங்கிட்டு இருந்துச்சு."

எல்லோரும் தங்கவேலைப் பார்த்தார்கள். அவர் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். முழுக் கை. ஐந்து விரல். பெல்ட்டில் ஒரு கேசிங் சாய்ந்து கிடந்தது. கிளாம்ப் அதற்கு நான்கு விரல் உயரத்தில் நின்றிருந்தது.

மாமியார்தான் முதலில் பேசினார். "தெனமும் இப்டித்தான் பண்றீங்களா மாப்ள?"

அதையே பிளான்ட் ஹெட்டும் கேட்டார். "எப்பவும் இப்படித்தானா?"

தங்கவேல் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். 'நிறுத்தினா இந்த ஆள் மூஞ்சியப் பாக்க முடியல சார்' என்று அவர் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க முடியாது.

"இன்னிக்கு மட்டும்தான் சார்" என்றார்.

என் பவர் ட்ரிப்பைவிட நல்ல பொய். என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் சொன்னது என்பதால் இன்னும் கசந்தது.

பிளான்ட் ஹெட் இனியாவின் தலையில் கை வைத்தார். என்னிடம், "ரீசெட் பண்ணுங்க" என்றார். போய்விட்டார். லைனையா, என்னையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். ஆயிரம் தடவை அந்தக் கை அப்படிப் போய் முழுதாகத் திரும்பியிருக்கிறது. ஆயிரத்து ஓராவது தடவையும் திரும்பியிருக்கலாம்... இப்படிச் சொல்லித்தான் பதினொரு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

மத்திகிரிக்கு பைக்கில் திரும்பும்போது எனக்கும் செல்விக்கும் நடுவில் இனியா. மின்மினி ஜெயித்துவிட்டதே என்ற எரிச்சல் எனக்கு. நான் திட்டித் தீர்த்த நீதிதானே கடைசியில் ஒரு கையைக் காப்பாற்றியது?

"படத்தைப் பாத்துட்டுத்தான அமுக்கின?" என்றேன். "மனசு சொல்றதக் கேளுன்னு அந்தப் பூச்சி சொல்லுச்சே."

"என் மனசு அமுக்காதன்னுதான் சொல்லுச்சு. நீ திட்டுவன்னு பயமா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் அமுக்கின?"

"போர்டுல எழுதியிருந்துச்சே. நீ எழுதினதுன்னு அம்மா சொன்னாங்க."

கொஞ்ச தூரம் போன பிறகு இனியாவே கேட்டாள். "அது நெஜமாத்தான எழுதின?"

வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது என்ற விதி அன்று எனக்கு மிகவும் உதவியது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஹூட்டர் அலறியது. கேசிங் சாய்ந்திருக்கிறது. தங்கவேல் பொத்தானில் கை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தேன். பழக்கமில்லாத இடத்தில் தசை இழுத்து மதியம் வரை கன்னம் வலித்தது.

மார்க் ஷீட்டைத் திருத்தி மஞ்சுநாத்திடம் கொடுத்துவிட்டேன். மின்மினி இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. முதல் இடம், ஒரு தகர போர்டு. ஓடும் நேரம் இரண்டு வார்த்தை. கதை, இயக்கம், பெயின்ட் எல்லாம் அடியேன்... படத்தை மட்டும் நான் இப்போதுதான் பார்க்கிறேன்.