மூன்று மணிக்குள் மூன்று தலை

மூங்கில் தடுப்பு மேலே எழும்போது ஒரு முனகல் கேட்டது. திண்டுக்கல் ரயில்வே கேட்டும் இப்படித்தான் முனகும். அது இறங்கிவிட்டால் பள்ளியின் பரீட்சை மணி அந்தப் பக்கம் அடிக்கும், நான் சைக்கிளோடு இந்தப் பக்கம் நிற்பேன். வயது ஐம்பதைத் தாண்டியும் கேட்டைக் கண்டால் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

2005 செப்டம்பர், வியாழக்கிழமை, காலை 10.20. மோயர் பாயிண்டை ஒட்டிய வனச் சோதனைச் சாவடி. கொடைக்கானலிலிருந்து பத்து கிலோமீட்டர் வந்திருந்தோம். பேரிஜம் ஏரிக்கு இன்னும் பன்னிரண்டு. ஜீப் வாடகை எழுநூறு ரூபாய். அனுமதிச் சீட்டு என் பெயரில்.

வனத்துறை கார்டு, விதிகள் எழுதிய பலகையைப் பார்க்காமலே ஒப்பித்தார். ஹாரன் கூடாது. ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. தீ மூட்டக் கூடாது. பிளாஸ்டிக், சாராயம் கூடாது. ஏரியில் கால் நனைக்கக் கூடாது. காட்டிலிருந்து ஓர் இலைகூட வெளியே வரக் கூடாது.

"அப்ப என்னதாங்க செய்யலாம்?" என்று கேட்டேன்.

"பாக்கலாம். போட்டோ எடுக்கலாம். கொண்டாந்ததை ஏரிக்கரையில உக்காந்து சாப்புடலாம். மூணு மணிக்குள்ள இங்க திரும்பலாம்."

"மூச்சு விடலாமா சார்?" இது எங்கள் டிரைவர் ஜெயசீலன்.

"மெதுவா விடு. போன மாசம் ஒருதரம் லேட்டா வந்தவன்தானே நீ? இன்னொருதரம் லேட்டு, இல்ல ஒரு தலை குறைஞ்சுதுன்னாலும், உன் வண்டிக்கு ஒரு மாசம் சீட்டு கெடையாது." நோட்டில் எழுதினார்: மூன்று தலை.

ஜெயசீலன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். வண்டி நகர்ந்ததும், "இந்த ரோடுதான் சார் எனக்குச் சோறு" என்றான்.

மூன்றாவது தலை முத்தையா. காலையில் நாயுடுபுரத்தில் வண்டியேறும்போது, "இந்தத் தாத்தா ரொம்ப நாளா காடு பாக்கணுங்கிறாரு, ஏத்திக்கிடலாமா சார்?" என்று கேட்டுத்தான் ஜெயசீலன் அவரைப் பின்னால் உட்காரவைத்திருந்தான். எழுபது வயதிருக்கும். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டவர். மடியில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. அதற்குள் சோறு என்றே நினைத்தேன்.

சாலை கிழவன் பல்போல ஆடியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்டால் வெள்ளைக்காரர்கள் கொடைக்கானல் ஏறி, இந்த வழியாக மூணாறு போய், கொச்சியில் கப்பல் பிடிப்பதாகத் திட்டம். அதற்காக அகலப்படுத்திய பாதை இது. யாரும் தப்பிக்க வரவில்லை. போர் நடக்காத போர்க்களத்தை மரங்கள் பிடித்துக்கொண்டன. இப்போது பேரிஜத்துக்கு அப்பால் வழி அடைப்பு. தப்பிக்கப் போட்ட பாதையில் வந்தவழியே திரும்பினால்தான் விடுகிறார்கள்.

11.15. ஏரி. தண்ணீர் அசையவில்லை, மேகம் அதில் அசைந்தது. பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் என்று ஜெயசீலன் சொன்னான். கரையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். முத்தையா தூக்கைத் திறக்கவில்லை. "பசிக்கலைங்க" என்றார். என் கால்கள் கயிறு கட்டிய எல்லைவரை நாலு தடவை போய்த் திரும்பின. அமைதியைத் தேடி வந்தவனுக்கு அமைதியில் உட்காரத் தெரியவில்லை.

1.10. திரும்பும் வழியில் மதிகெட்டான் சோலையருகே ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்தினோம். ஜெயசீலன் பானெட்டைத் திறந்தான். முத்தையா தூக்கோடு இறங்கி, வளைவைத் தாண்டி நடந்தார். நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். புறப்பட்ட மனிதனை எங்கே என்று கேட்பது நம் பக்கத்தில் ஆகாது. ஒதுங்கப் போகிறார் என்று இருவரும் மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டோம்.

1.40. அவர் வரவில்லை.

1.50. வளைவுவரை போய்ப் பார்த்தோம். சாலை காலி. ஜெயசீலனின் கை ஹாரனுக்குப் போய்த் திரும்பியது. "தாத்தாவுக்குக் காடு புதுசில்ல சார். ஆனா காட்டுமாடு கெடக்கே."

அந்நேரம் சரிவிலிருந்து வனக்காவலர் பொன்னன் ஏறிவந்தார். இந்த மலையின் பளியர் பழங்குடி. தோளில் அரிவாள். விஷயத்தைச் சொன்னோம். நான் வாயைக் குவித்து, "முத்தை..." என்று தொடங்கியதும் கையை நீட்டித் தடுத்தார்.

"காட்டுல ஆளு பேரைச் சொல்லிக் கூப்புடாதீக. கூப்பிட்ட பேருக்கு வேற ஏதாச்சும் வரும்."

"அப்ப எப்படித் தேடுறது?"

"ஆளு எந்த ஊரு?"

"நாயுடுபுரம். முன்னே சிலோன்."

பொன்னன் தலையாட்டினார். "வாட்டில் மரம் நட வந்த சனம். அவுக லயம்னு வரிசை வீடு கட்டி இருந்த கேம்பு கீழ கெடக்கு. அங்கதான் போயிருப்பாரு. நீங்க ரோட்டுலயே நில்லுங்க."

அரிவாளின் முதுகால் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, இறங்கிப் போனார். தட்டல் தேய்ந்துகொண்டே போய் நின்றது. பிறகு கேட்டதெல்லாம் சோலையின் காற்று, ஜெயசீலனின் செருப்பு, என் கைக்கடிகாரம். ஒருமுறை கீழே ஏதோ பெரிதாகக் கிளை ஒடிந்தது. ஜெயசீலன் பானெட்டை மூடினான்.

"தாத்தாவை விட்டுட்டு நேரத்துக்குப் போனாலும் ஒரு தலை குறையும். இருந்து கூட்டிட்டுப் போனா மணி ஆயிரும்" என்றான் கடைசியில். "ரெண்டு பக்கமும் அடி எனக்குத்தான் சார்."

2.35. பொன்னன் முன்னால், முத்தையா பின்னால். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. தூக்கை இரு கையாலும் பிடித்திருந்தார்.

ஜெயசீலன் வெடித்தான். "யோவ் தாத்தா, சொல்லிட்டுப் போனா என்ன? எம் பொழப்பு போகப்போவுது. உமக்கு அந்தப் பாழுங்காட்டுல என்ன சோலி?"

"பீலித் தண்ணி எடுக்கப் போனேன் தம்பி." குரல் தணிந்திருந்தது. "லயத்துக்குப் பின்னால மூங்கில் வச்சு விழவிட்ட தண்ணி. கப்பல்ல வந்து எறங்கி, மண்டபம் கேம்புல கெடந்து, இங்க ஏறுனப்ப நானும் எம் பொஞ்சாதியும் மொதல்ல குடிச்சது அது. இப்ப அவளுக்கு நாலு நாளா சோறு எறங்கல. அந்தத் தண்ணி வேணுங்கிறா. சொன்னா விடமாட்டீங்கன்னுதான் சொல்லல."

"மூங்கிலு போயிருச்சு. ஊத்து இன்னும் இருக்கு" என்றார் பொன்னன்.

ஜெயசீலன் வண்டியை எடுத்தான். முதல் ஐந்து கிலோமீட்டர் பறந்தோம். ஆறாவதில் ஒரு காட்டுமாடு சாலை நடுவில் நின்றது. கரிய உடம்பு, வெள்ளைக் காலுறை. இன்ஜினை அணைத்தான். ஹாரன் கூடாது. அது எங்களைப் பார்த்தது, புல்லைப் பார்த்தது, மறுபடி எங்களைப் பார்த்தது. பதினான்கு நிமிடம். பின்னால் முத்தையா உள்ளங்கையால் தூக்கின் மூடியை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"கேட்டுல கேட்டா என்ன சொல்லுவ தாத்தா? இலையே வெளிய வரக்கூடாதுங்கிறாங்க. எதுக்கும் இங்கேயே ஊத்திரு. லேட்டுக்கு மேல அதுவும் சேந்தா நான் செத்தேன்."

முத்தையா தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஜெயசீலன் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். இரண்டாம் முறை அதைச் சொல்லவில்லை.

3.12. தடுப்பு இறங்கியிருந்தது. கார்டு வாட்ச்சைப் பார்த்தார், தலைகளை எண்ணினார். மூன்று.

"என்னாலதான் லேட்டு, சீட்டு என் பேர்ல" என்றேன்.

"சீட்டு உங்க பேருலதாங்க. வண்டி அவன் பேருல." பார்வை தூக்கில் நின்றது. "அதுல என்ன?"

ஜெயசீலன் ஸ்டீயரிங்குக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே விழுந்துவிட்ட எதையோ தேடுகிறவன்போல.

"தண்ணிங்க" என்றார் முத்தையா. யாருக்கு என்பதையும் சொன்னார்.

கார்டு மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். பலகையை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். "இதுல தண்ணின்னு எழுதல" என்றார். அப்புறம் நோட்டை எடுத்து 3.12 என்றே எழுதினார். ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. "ஒரு மாசம்" என்று மட்டும் ஜெயசீலனிடம் சொல்லிக் கயிற்றை இழுத்தார்.

வண்டி நாயுடுபுரத்துக்கு இறங்கியது. என் ஊரில் சலுகை வாங்கப் பணம் கொடுப்போம், அல்லது தெரிந்தவரின் பெயரைச் சொல்வோம். இங்கே ஒரு மனிதர் ஒரே நோட்டில் இரக்கத்தையும் கணக்கையும் கலக்காமல் வைத்துவிட்டார். அவரைப் புகழ்வதா, நோவதா என்று தெரியாமல் இறங்கினேன். தெரியாமலேதான் இதை எழுதுகிறேன்.

சந்து முனையில் முத்தையா தூக்கோடு நின்றார். ஜெயசீலனைப் பார்த்துக் கும்பிடப் போனார், கையிலிருந்த தூக்கு விடவில்லை.

"பேரிஜம் இல்லைன்னா ஒரு மாசம் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு ஓட்டிக்கிடுறேன் தாத்தா" என்றான் ஜெயசீலன், கியரை மாற்றிக்கொண்டே. "வெரசா போங்க. சிந்தாமப் போங்க."