எவடம் என்ற கேள்வி

லூயிஷாமில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில், பிரான்சிலிருந்து வந்த அண்ணை ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். ஆங்கிலம் தெரியாது. பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த கறுப்பினப் பெண்ணைக் காட்டி, "ஊர் எவடமாம், கேளும்" என்றார். எங்கள் ஆட்களின் முதல் கேள்வி அதுதான். ஊரைச் சொன்னால் சாதியைப் பிடித்துவிடுவோம்.

மொழிபெயர்த்தேன். "ஜமேக்கா" என்றாள்.

"அதுக்கு முந்தி?"

"ஆப்பிரிக்கா."

"அங்கை எவடமாம்?"

"எங்களைப் பிடித்து விற்றவர்கள் ஊரைக் கேட்டு வைக்கவில்லை" என்றாள், கோப்பையைத் துடைத்தபடியே.

அண்ணை யோசித்தார். "அப்ப கலியாணம் பேசேக்க இவை என்னத்தை விசாரிக்கிறவை?"

அவள் ஆங்கிலத்துக்காக என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். நான் தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.