ஐம்பத்திரண்டு சரியாக இருந்தது

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நடந்தது நடந்ததுதான். போன தை மாதம், செஞ்சிக் கோட்டையில், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது.

அவலூர்பேட்டைப் பள்ளி ஒன்றிலிருந்து ஐம்பத்திரண்டு பிள்ளைகள் சுற்றுலா வந்திருந்தார்கள். ஜெயஸ்ரீயின் மகள் மணிமொழியும் அதில் ஒருத்தி. துணைக்கு வந்த ஜெயஸ்ரீ, பிள்ளைகளை எண்ண ஒரு புரோகிராமும் எழுதிக் கொடுத்திருந்தாள். சின்னதுதான். நான்கு குழுக்களுக்கு நான்கு ஆப்ஜெக்ட், தகவல் பெட்டி மாதிரி. குழு கீழே வந்ததும் டீச்சர் தலைகளை எண்ணிப் போனில் போடுவார். லூப் அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து, எண்ணை மட்டும் எடுத்துக் கூட்டும். பெயர் கேட்காது. பெயர் எதற்கு என்று அவள்தான் விட்டுவிட்டாள்.

மாலை நாலரை. திரையில் 52. பஸ் உறுமத் தொடங்கியது.

ஜெயஸ்ரீ ஏறி மகளைத் தேடினாள். கடைசி சீட் வரை தேடினாள்... இல்லை.

“சார், மணிமொழி எங்க?”

“டோட்டல் சரியா இருக்குது மேடம். நானும் எண்ணிட்டேன்” என்றார் கூட வந்த ஆசிரியர் பார்த்திபன் சார்.

அவள் போனில் புரோகிராமைத் திறந்து பார்த்தாள். கூட்டல் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறதா? ஏதாவது குழு இரண்டு முறை சேர்ந்ததா? எல்லாம் சரி. சீட் சீட்டாக எண்ணினாள்.

ஐம்பத்திரண்டு. மகள் இல்லாமலே.

ஓடினாள்.

கோட்டைக்குள் இருந்த பழைய நெற்களஞ்சியத்தின் இருட்டில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் மணிமொழி.

“ஒரு பொண்ணு வந்துச்சும்மா. நீ இங்கயே இரு, ஒனக்குப் பதிலா நான் போறேன்னுச்சு.”

“எந்தப் பொண்ணு?”

“தெரியல. என்ன மாதிரியே யூனிபார்ம் போட்டுனு இருந்துச்சு.”

பஸ்ஸில் மகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“இப்ப எண்ணுங்க சார்.”

எண்ணினார். “அம்பத்திரண்டு.”

ஐம்பத்து மூன்று வரவில்லை. அப்படியென்றால் வந்தது இறங்கிவிட்டது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மனதுக்குள்ளேயே கற்பூரம் ஏற்றினாள்.

மறுநாள் பார்த்திபன் சார் போனில் விசாரித்தார். பேச்சோடு பேச்சாக அவள் கேட்டாள்.

“நேத்து மணிமொழியையும் சேத்துத்தான எண்ணுனீங்க?”

“இல்ல மேடம். ஒங்க மடில இருந்துச்சே. பஸ்ல மடிப் புள்ளைய யாரு கணக்குல சேப்பாங்க? சீட்டுல இருந்தவங்களத்தான் எண்ணுனேன்.”



“ஸ்கூல்ல எறங்குனதும்... யாராவது மிச்சம் நின்னுனு இருந்தாங்களா சார்?”

“ஒருத்தரும் இல்ல மேடம். எல்லாரையும் அவங்கவங்க வீட்லேர்ந்து வந்து கூட்டினு போயிட்டாங்க.”