உபதேசியார் மனைவியின் தாடை

என் வீட்டுக்காரர் சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு சிறிய சபைக்கு உபதேசியாராக இருந்தார். காலராவில் இரண்டே நாளில் போய்விட்டார். மாரில் அடித்து ஒப்பாரி வைக்க வாயெடுத்தேன். சபை மூப்பர் கையமர்த்தி, "விசுவாசி ஒப்பாரி வைக்கலாமாம்மா? ஊரு சிரிக்குமே!" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன். அடக்கம் முடிந்தும் அந்தக் கடி விடவில்லை. நல்ல விசுவாசம் போங்கள்! சோறு மெல்ல முடியாமல் கஞ்சியைக் குடித்துக் கிடந்தேன்.

வீடு சபைக்குச் சொந்தம், காலி செய்தாக வேண்டும். திசையன்விளையில் அண்ணன் வீட்டுக்குப் போய் மதினிக்குக் கீழே கிடப்பதை நினைத்தாலே உயிர் கூசியது. மிச்சமிருந்த ஒரே வழி, வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டும் பைபிள் ஸ்திரீ வேலை. அதற்குப் பாளையங்கோட்டையில் மிஷன் வேலைகளைப் பார்க்கும் வெள்ளைக்காரத் துரைசானி முன்னால் ஒரு அதிகாரம் வாசித்து, ஒரு ஞானப்பாட்டும் பாட வேண்டும். இரண்டு விரல் நுழையாத வாயை வைத்துக்கொண்டு எங்கே பாடுவது?

பக்கத்து வீட்டில் கூலி வேலைக்குப் போகிறவள் ஒருத்தி இருந்தாள். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆத்தாடி, கல்லாட்டம்லா இருக்கு! வெந்நித் துணிய ஒத்திட்டு, எண்ணெயத் தொட்டு, காதுக்கு முன்னால பைய வட்டமா தேயுங்கம்மா. பல்லோட பல்லு சேரப்படாது. எத்தன நாளைக்கு அடக்கி வைப்பிய? ஒரு தரம் அழுது தீத்துருங்க."

தேய்த்தேன். பல்லைக் கடித்தால் விரலுக்கடியில் புடைக்கிற சதைதான் இடம். கன்ன எலும்பிலிருந்து தாடை முனைவரை, மூன்று வேளையும். ஐந்தாறு நாளில் கொஞ்சம் தளர்ந்து, சோற்றுருண்டை இறங்கியது. அழத்தான் இல்லை. மூப்பர் வீடு எதிர்வீடு.

பாளையங்கோட்டைக்கு வண்டியில் போகும்போதும் தேய்த்துக்கொண்டே போனேன். அதிகாரத்தைத் தட்டாமல் வாசித்தேன். துரைசானிக்கு முகம் மலர்ந்தது. "இனிப் பாடு" என்றாள். பாட வாயை அகலத் திறந்தேன். பாட்டு வரவில்லை. "என் ராசாவே, என்னய விட்டுட்டுப் போனீரே" என்று அடிவயிற்றிலிருந்து ஒப்பாரி கிளம்பிற்று. நிறுத்தப் பார்த்தேன், என்னால் ஆகவில்லை. துரைசானி தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, இன்னும் பழைய வழக்கம் போகவில்லை என்று வேறு ஆளைப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் அண்ணன் வண்டி கொண்டுவந்தான். நடந்ததெல்லாம் அதற்குள் மதினி காதுக்குப் போயிருந்தது. நடையிலேயே மறித்தாள்.

"இந்தா, இங்கன ஒப்பாரி கிப்பாரி வச்சிராத. பிள்ளைக பயந்துரும்."

"வைக்க மாட்டேன் மதினி" என்றேன்.

மறுநாள் கஞ்சி குடிக்க வாய் திறக்கவில்லை. நான் தேய்க்கவும் இல்லை.