போனில் அழிக்காத பாஸ்வேர்டு

நான் கடைகளுக்குக் கேமரா மாட்டுகிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கடைக்குள் போனதும் போனில் ஸ்கேன் ஆப்பைத் திறப்போம். அந்த வைஃபையில் என்னென்ன இருக்கிறது, எது திறந்து கிடக்கிறது என்று காட்டிவிடும். யாரிடமும் கேட்பதில்லை.

கீழவாசல் பக்கம் ஒரு பாயின் ஜவுளிக் கடை. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே கேமரா மாட்டினேன். பில் போடுகிற பெண்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டது. "விழுந்துறாதீங்கண்ணே, மொதப் படமே அதான் வரும்" என்று சிரித்தது. கேமராவுக்காக வாங்கிப் போட்ட வைஃபை பாஸ்வேர்டை, வேலை முடிந்தும் என் போனிலிருந்து நான் அழிக்கவில்லை.

போன மாசியில் பக்கத்துக் கடையில் வேலை. மதியம் வயர் வரக் காத்திருந்தேன். போன் தானாகப் பாயின் வைஃபையில் சேர்ந்துவிட்டது. தெரிந்தேதான் ஸ்கேன் பண்ணினேன். பில் கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். எதையும் எடுக்கவில்லை.

மறுநாள் டீக்கடையில் பாய் சொன்னார்.

"யாரோ வெளி ஆளு நம்ம கம்ப்யூட்டர நோண்டியிருக்காங்களாம். சாப்ட்வேர்காரரு சொல்றாரு. எதையும் எடுக்காட்டியும், கேக்காமப் பாத்தாலே கேஸ் ஆகலாமாம்."

"யாரா இருக்கும் பாய்?"

கேட்டது நான்தான்.

"பாஸ்வேர்டு எனக்கும் பில் போடுற பிள்ளைக்கும்தான் தெரியும். யாருக்குக் குடுத்துச்சோ. யா அல்லா, எம்புட்டு நம்புனேன்."

கேமரா மாட்டும்போது எனக்கும் கொடுத்ததை அவர் மறந்திருந்தார். டீயைக் குடித்து முடித்தேன். சொல்லவில்லை. கேஸ் என்றதும் பயம். எந்தக் கடையில் இனி உள்ளே விடுவார்கள்?

நான்கு நாள் கழித்துத்தான் போனேன். பில் மேசையில் பாயே உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் பாய்" என்று போனை நீட்டினேன்.

போனை வாங்கிப் பார்த்தார்.

"கேட்டா நானே காட்டியிருப்பேனே மாப்ள."

அவ்வளவுதான். கேஸ் இல்லை. எனக்கு எதுவும் ஆகவில்லை.

அந்தப் பெண் முந்தாநாளே வேலையை விட்டு நின்றுவிட்டதாம். பாய் என் முன்னாலேயே போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"தப்பு என் மேலதாம்மா. நீ வேலைக்கு வா."

"வரல பாய். என்னத் திருடி மாதிரி கேட்டீங்கள்ல. யாருன்னு தெரிஞ்சுருச்சா?"

பாய் போனை என் பக்கம் நகர்த்தினார். நான் குனிந்து, "நான்தாம்மா, கேமராக்காரன்" என்றேன்.



"பக்கத்துக் கடையில வேல பாத்த அன்னைக்கு மத்தியானம் தண்ணி கேட்டு வந்தீங்களேண்ணே. நான்தான குடுத்தேன்."

ஆமாம் என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டது.